கண்ணாடிக்குள் ஒரு தோட்டமா?

மழலையர் கல்விக்கு ஒரு புது மருந்து வந்திருக்கிறது. 'மெய்நிகர் விளையாட்டுச் சூழல்' என்பது அதன் பெயர். ஒரு திரை, அத்திரைக்குள் ஒரு தோட்டம். தோட்டத்தில் மரமும் குளமும் முயலும் உண்டு. பிள்ளை விரலால் தொட்டால் முயல் தாவும். பழத்தைத் தொட்டால் பழம் தன் பெயரைத் தானே சொல்லும். மூன்று பழங்களை இழுத்துக் கூடைக்குள் போட்டால் 'சபாஷ்' என்றொரு குரல் எழும், விண்மீன்கள் சிதறும். இன்னும் ஒருபடி மேலே சென்றால், தலையில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடியே இருக்கிறது. அதை அணிந்த பிள்ளைக்கு வகுப்பறைச் சுவர் மறைந்து நாற்புறமும் அத்தோட்டமே தெரியும். விளையாட்டும் ஆயிற்று, படிப்பும் ஆயிற்று என்கிறார்கள் இதனை விற்போரும் வியப்போரும்.

நாம் இதனை மறுக்கிறோம். புதியது என்பதற்காக மறுக்கவில்லை. ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லலாமா கூடாதா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர்களை நாமும் அறிவோம். அந்த வரிசையில் போய் நிற்க நமக்கு விருப்பமில்லை. இது விளையாட்டன்று என்பதால் மறுக்கிறோம். விளையாட்டின் பெயரால் பிள்ளைக்கு உரிய ஒன்றைப் பறித்துக்கொண்டு, பறித்த பொருளின் படத்தை அதன் கையில் கொடுப்பதால் மறுக்கிறோம். அதிலும், கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையோரம், சிப்காட் தொழிற்பேட்டையின் புகைக்கு அடியில் வளரும் பிள்ளைகளுக்கு இதுவே ஏற்றது என்று பரிந்துரைப்பாரும் உளர் என்று கேட்ட பின்னர் வாளாவிருக்க நம்மால் இயலவில்லை.

பரிந்துரைத்தவர் நல்லெண்ணம் உடையவர்தாம். நம்மிடம் அவர் வைத்த வாதம் இது: "அந்த ஊர்களில் வெளிக்காற்றே சரியில்லை. மண்ணும் நீரும் அப்படியே. பிள்ளைகளை வெளியே விடுவதைவிட, அங்கன்வாடிக்குள் ஒரு நல்ல திரையை வைத்து, அதற்குள் ஓடட்டும், ஆடட்டும், எண்ணும் எழுத்தும் கற்கட்டும் என்று விட்டுவிடலாமே. ஆலைகளும் அதற்குப் பணம் தருமே!"

இந்த வாதத்தில் மூன்று முடிச்சுகள் உள்ளன. ஒன்று, திரைக்குள் நிகழ்வது விளையாட்டு என்பது. மற்றொன்று, அதனால் மூன்று வயதுப் பிள்ளை கற்கும் என்பது. மூன்றாவது, வெளிக்காற்று கெட்டுப்போனதற்குப் பிள்ளையை உள்ளே அடைப்பதே பரிகாரம் என்பது. மூன்றாவது முடிச்சே நம்மை மிகவும் வருத்துவது. எனினும் முதலிலிருந்து வருவோம்.

'மெய்நிகர்' என்னும் சொல்லைப் படைத்தவர் யாரென்று நாம் அறியோம், நல்ல சொல். ஆனால் அச்சொல்லே இச்சரக்கைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. தமிழில் 'மெய்' என்றால் உண்மை. 'மெய்' என்றால் உடம்பும் ஆகும். திரைக்குள் உள்ள தோட்டம் உண்மைக்கு நிகராக இருக்கலாம். உடம்புக்கு நிகரானது அங்கே என்ன இருக்கிறது? பிள்ளையின் கால் அங்கில்லை, முதுகு இல்லை, மூக்கு இல்லை. பத்து விரல்களில் ஒரு விரலின் நுனி மட்டும் இருக்கிறது. அந்நுனியும் எதைத் தொட்டாலும் கண்ணாடியையே தொடுகிறது. முயலைத் தொட்டாலும் கண்ணாடி; நீரைத் தொட்டாலும் கண்ணாடி; முள்ளைத் தொட்டாலும் அதே வழவழப்பு!

அரபு மொழியில் 'லஇப்' என்றும் 'லஹ்வ்' என்றும் இரு சொற்கள் உண்டு. திருக்குர்ஆனில் இவை பல இடங்களில் இணைந்தே வருவதால், ஓதும் பருவத்து மாணவர்கள் 'விளையாட்டு, வேடிக்கை' என்று ஒரே மூச்சில் பொருள் சொல்லிக் கடந்துவிடுவர். ஆனால் திருமறையின் சொற்களுக்குப் பொருள்நூல் வகுத்த இமாம் ராகிப் இஸ்பஹானி அவர்கள் 'முஃப்ரதாத்' என்னும் தம் நூலில் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார்கள். 'லஇப்' என்பதன் வேரை அவர்கள் 'லுஆப்' என்பதில் காண்கிறார்கள். லுஆப் என்றால் வடியும் உமிழ்நீர்! பால் மணம் மாறாத பிள்ளையின் கடைவாயில் தானாகவே ஒழுகுகிறதே, அதைப்போல ஒரு நோக்கமும் இன்றித் தன்னிலிருந்தே வழிவது விளையாட்டு. 'லஹ்வ்' அவ்வாறன்று. மனிதனை அவனுக்கு வேண்டிய காரியத்திலிருந்து திருப்பிப் பிடித்துக்கொள்வது அது. முன்னது உள்ளிருந்து புறப்படுவது. பின்னது வெளியிலிருந்து வந்து ஆளைப் பிடிப்பது. திரையின் முன் அமர்ந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள், இவ்விரண்டில் எது அங்கே நிகழ்கிறது என்பதைத் தாமே சொல்லிவிடுவார்கள். வாய் சற்றுத் திறந்திருக்கும். அம்மா கூப்பிட்டால் கேட்காது. சோற்றை ஊட்டினால் என்ன ஊட்டினார்கள் என்று தெரியாது.

நம் தமிழ் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. 'கெடவரல்', 'பண்ணை' என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு என்பதே பொருள் என்று தொல்காப்பிய உரியியல் கூறும். பண்ணை என்றால் இன்று நமக்கு வயல்வெளி. விளையாட்டையும் நிலத்தையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழி இது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தார்களே, அவற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். செங்கீரையில் தவழும் பிள்ளை தலையை அசைக்கிறது, சப்பாணியில் கை கொட்டுகிறது, வருகையில் தளர்நடை நடந்து வருகிறது, சிற்றிலில் மணல்வீட்டை மிதிக்கிறது, சிறுபறையில் முழக்குகிறது, சிறுதேரில் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. முழுவதும் உடம்பு! எட்டாத நிலாவை அழைக்கும் அம்புலிப் பருவம் ஒன்றில்தான் கைக்கு அகப்படாத பொருளோடு விளையாட்டு; அங்கும் பிள்ளை இடுப்பில் இருக்கிறது, அருகில் தாய் இருக்கிறாள், அழைப்பவள் அவள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் நம் இஸ்லாமியப் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். பாடியவர்கள் இப்பருவங்களின் அருமை தெரிந்தவர்கள்.

ஹதீஸ் நூல்களில் அபூஉமைர் என்னும் சிறுவரைப் பற்றிய செய்தி வருகிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருப்பது. அச்சிறுவரிடம் ஒரு சிறு பறவை இருந்தது. அவர் விளையாடிக்கொண்டிருந்த பறவை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவ்வீட்டுக்கு வரும்போது, பெரியவர்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போகாமல், அச்சிறுவரிடம் அப்பறவையைப் பற்றி, எதுகை அமைந்த சொற்களால், பரிவோடு வினவினார்கள். பறவை இறந்துபோய்ப் பிள்ளை வாடியிருந்தது என்றும் அறிவிப்புகளில் காண்கிறோம். ஹிஜ்ரி 335இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் அவர்கள், இந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக்காட்டித் தனி நூலே எழுதினார்கள். ஹதீஸ் கலையில் தேவையற்ற செய்திகளும் உள்ளன என்று சிலர் இதனை எடுத்துக்காட்டிப் பழித்ததற்கு அவர்கள் தந்த விடை அது. அறுபத்தொன்றாவது பயனைச் சேர்க்கும் தகுதி நமக்கில்லை. ஆயினும் ஒன்று தோன்றுகிறது. அப்பறவை இறந்தது. பிள்ளை அழுதது. ஒருவர் கேட்டார். இம்மூன்றும் திரைத் தோட்டத்தில் நிகழ வழியில்லை. அங்கே பறவை சாவதில்லை. பொத்தானை அழுத்தினால் மீண்டும் எழுந்து பாடும். பிள்ளைக்கு அழக் காரணமில்லை. கேட்கவும் ஆளில்லை, கேட்பதுபோல் ஒரு குரல் மட்டும் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. எந்தப் பிள்ளை தொட்டாலும் அதே சபாஷ், அதே குழைவு!

கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆடாதவர் நம் வாசகரில் எவரும் இரார் என்று நம்புகிறோம். மணலை நீளக் கரையாகக் குவித்து, அதனுள் ஒரு சிறு குச்சியை வைத்து, விரல்களை உள்ளே நகர்த்திக்கொண்டே, எங்கே விட்டோம் என்பது எதிராளிக்குத் தெரியாதபடி மறைக்க வேண்டும். எதிராளி இரு கைகளையும் கோத்து மணலின் மேல் வைத்து, இங்கேதான் என்று பொத்திக் காட்ட வேண்டும். எத்தனை பாடங்கள் அதில்! மறைப்பவன் தன் முகத்தை அடக்கக் கற்கிறான். தேடுபவன் மணலைப் பார்ப்பதில்லை. மறைப்பவனின் கண்ணைப் பார்க்கிறான். ஒருவன் மனத்தில் உள்ளதை மற்றவன் ஊகிக்கும் வித்தையை, பெரியவர்கள் நூல்களில் தேடும் அந்த வித்தையை, ஐந்து வயதில் மணலில் கற்றுவிடுகிறார்கள். தோற்றவன் கையில் மணலை அள்ளி வைத்து, அதில் குச்சியை நட்டு, கண்ணைப் பொத்தி எங்கோ கூட்டிப்போய்க் கொட்டச் செய்து, திரும்பி வந்து அந்த இடத்தைக் கண்டுபிடி என்பார்கள். கண்ணைப் பொத்தியவன் பள்ளத்தில் தள்ளமாட்டான் என்ற நம்பிக்கை அங்கே வேண்டியிருக்கிறது. இடையில் 'அழுகுணி ஆட்டம்' என்று ஒரு சண்டை வரும். நடுவர் யாரும் இல்லாமல் அவர்களே தீர்த்துக்கொள்ள வேண்டும். தீர்க்காவிட்டால் ஆட்டம் இல்லை. திரை விளையாட்டில் குச்சி எங்கே என்பது பொறிக்கு முன்னமே தெரியும். அதற்கு முகம் கிடையாது, அது ஏமாறுவதும் இல்லை, ஏமாற்றுவதும் இல்லை, சண்டைக்கும் வராது. பிறகு அங்கே பிள்ளை யாரோடு ஆடுகிறது?

எழுத்தும் மணலில்தான் பிறந்தது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். 1789 முதல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797இல் இலண்டனில் அதை நூலாகவும் எழுதினார். 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்று, இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பலர் அம்முறையில் படித்தார்கள். நம் மணல் கப்பல் ஏறிப் போயிற்று. இன்று கப்பலில் கண்ணாடி வந்து இறங்குகிறது. 1939இல் இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப்போர் காரணமாகத் திரும்பிச் செல்ல இயலாமல் 1946 வரை இந்நாட்டிலேயே தங்கிக் கொடைக்கானலிலும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். எழுத்தின் வடிவத்தைச் சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டி, பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டிப் பழகச் செய்வது அவர் முறை. சொரசொரப்பு இருந்தால்தான் விரல் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதை அவர் கண்டிருந்தார். நம் மக்தபுகளின் மரப்பலகைக்கும் அந்தச் சொரசொரப்பு உண்டு.

இனி இரண்டாவது முடிச்சு. பிள்ளை திரையிலிருந்து கற்குமா? இதற்கு விடை காண நாம் பழைய கிதாபுகளைப் புரட்டத் தேவையில்லை. விற்பவர்களின் நாட்டிலேயே விடை இருக்கிறது. 2003இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா கூல் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் ஒரு சோதனை செய்தனர். ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலிகளைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்கச் செய்தனர். சில குழந்தைகளின் முன் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து விளையாடிப் பேசினர். சில குழந்தைகளுக்கு அதே மனிதர்களைத் திரையில் காட்டினர். நேரில் கேட்ட குழந்தைகள் அவ்வொலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையில் பார்த்தவை, ஒன்றுமே கேளாத குழந்தைகளைப் போலவே இருந்தன. ஒன்றும் கற்கவில்லை!

"அது வெறும் படம்; எங்களுடையது தொட்டால் பதில் சொல்வது" என்று உடனே எழுந்து நிற்பார்கள். இருக்கட்டும். 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டு இரண்டரை வயதுப் பிள்ளைகள், மறுமுனையில் உண்மையான மனிதர் ஒருவர் அமர்ந்து தம்மோடு நேரடியாகப் பேசியபோது, திரை வழியாகவும் புதுச் சொற்களைக் கற்றதைக் கண்டனர்; பதிவு செய்த படத்திலிருந்து கற்கவில்லை. ஆக, அங்கே கற்பித்தது திரையன்று. திரைக்கு அப்பால் இருந்த மனிதர். அந்த மனிதரைப் பிள்ளையின் அருகிலேயே அமர வைத்துவிட்டால் திரைக்கு என்ன வேலை?

உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வகுத்த நெறிமுறை, ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டா என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, குறைவாக இருந்தால் இன்னும் நன்று என்கிறது. அதே நெறிமுறை அப்பிள்ளைகள் நாள்தோறும் மூன்று மணி நேரமாவது உடலை அசைத்து ஓடியாட வேண்டும் என்றும் சொல்கிறது. நம் நடுவணரசு 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் 'பிரக்யாதா' என்னும் பெயரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், பள்ளிமுன் பருவத்துக்கு நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மேல் கூடாது என்றும், அதுவும் பெற்றோருடன் பேசி வழிகாட்டவே என்றும் வரையறுத்தது. சுவீடன் நாடு மழலையர் பள்ளிகளில் மின்கருவிகளைக் கட்டாயமாக்கியிருந்த ஏற்பாட்டிலிருந்து 2023இல் பின்வாங்கியது. தலையில் மாட்டும் கண்ணாடியைப் பற்றியோ கேட்கவே வேண்டா: அதனை விற்கும் மெட்டா நிறுவனமே பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்க்கு ஆகாது என்று சொல்லிவந்து, 2023இல்தான் அவ்வெல்லையைப் பத்து வயதாக இறக்கியது. விற்பவனே கூடாது என்று பெட்டியில் அச்சிடும் பொருளை மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் கவிழ்க்கச் சொல்கிறார்களே, இதற்குப் பெயர் முன்னேற்றமா?

அங்கன்வாடிக்கு என்ன வேண்டும் என்பதும் நம் தமிழ்நாட்டிலேயே சோதித்து அறியப்பட்டிருக்கிறது. 320 அங்கன்வாடி மையங்களில் ஆய்வு நடத்தினார்கள். அவற்றுள் சிலவற்றுக்குத் திரையோ பொறியோ தரவில்லை; ஓர் ஆளைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அரைநேரப் பணியாளர் ஒருவர், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே. அவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரு மடங்காயிற்று. பதினெட்டு மாதத்தில் மொழியிலும் கணக்கிலும் அவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். கடும் ஊட்டக்குறைவும் குறைந்தது. 2021இல் நம் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும், பெருந்தொற்றில் விட்டுப்போன படிப்பை மீட்கத் தெருத்தோறும் தன்னார்வலரையே அனுப்பியது. மனிதர் போன இடத்தில் பயன் விளைந்தது. ஆனால் 2025இல், நிரப்பப்படாமல் கிடந்த 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப அரசு தனி அறிவிப்பே செய்ய வேண்டியிருந்தது. அத்தனை நாற்காலிகள் வெறுமையாகக் கிடந்த காலத்தில் சுவரில் திரை மாட்டுவதைப் பற்றிப் பேசியவர்கள் எதைக் கல்வி என்று கருதினார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

இதன் பின்னரும் நாம் ஒன்றை ஒப்புக்கொள்வோம். மெய்நிகர் கலைக்கு அதற்குரிய இடம் உண்டு. விமானம் ஓட்டப் பழகுபவன் விழுந்து பழக முடியாது. அறுவை மருத்துவர் அறுத்துத் தவறி அறிய முடியாது. வேதிப்பொருள் ஆலையின் தொழிலாளி, வாயுக் கசிந்தால் எந்தக் கதவை நோக்கி ஓட வேண்டும், எந்தத் திருகை முதலில் அடைக்க வேண்டும் என்பதை உண்மையாகக் கசிய விட்டுக் கற்க முடியாது. அவர்களுக்கு மெய்நிகர் பயிற்சி உயிர் காக்கும் கல்வி. படுக்கையை விட்டு எழ இயலாத பிள்ளைக்கும் அது ஓர் ஆறுதலாகலாம். எங்கே உண்மைப் பொருளைத் தொட்டால் உயிருக்கு ஆபத்தோ, அங்கே அதன் நிழலைத் தொட்டுப் பழகுவது அறிவுடைமை.

அப்படியானால், தோட்டத்துக்கு ஏன் நிழல் வேண்டியிருக்கிறது? குடிகாட்டுப் பிள்ளைக்கு மணலும் மரமும் காற்றும் ஏன் ஆபத்தான பொருள்களின் வரிசையில் வந்துவிட்டன? நண்பர் தம் வாதத்தின் மூன்றாவது முடிச்சில் தம்மையறியாமல் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அதைத்தான் நாம் விடுவதாயில்லை.

உப்பனாற்றுக்கும் சிதம்பரம் சாலைக்கும் இடையே அமைந்தது சிப்காட். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் முதலிய ஊர்கள் அதன் மதிலை ஒட்டியவை. நாற்றத்தோடு வாழ்ந்து வாழ்ந்து, எந்த நாற்றம் எந்தத் திசையிலிருந்து, எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்து வைக்கக் கற்றவர்கள் அவ்வூர் மக்கள். 2004இல் அவர்கள் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கு மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் அதில் இருப்பது தெரியவந்தது. புற்றுநோய் விளைவிப்பனவும் அவற்றுள் இருந்தன. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாடெங்கும் 88 தொழிற்பகுதிகளை அளந்து 43 பகுதிகளை மிகக் கடுமையாக மாசுற்றவை என்று அறிவித்தது. கடலூர் அவற்றுள் ஒன்று, நூற்றுக்கு 77.45 என்பது அதற்கிட்ட மதிப்பெண். பிள்ளை வாங்கியிருந்தால் மகிழ்ந்திருப்போம்! 2021 மே 13 அன்று பூச்சிமருந்து ஆலையொன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் மாண்டனர். 2025 மே மாதத்தில் குடிகாட்டில் சாய ஆலையொன்றின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, நீர் வீடுகளுக்குள் புகுந்து, மக்கள் காயமுற்று மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது.

இப்பிள்ளைகளுக்கா கண்ணாடித் தோட்டம்? திரையில் எல்லாம் உண்டு; வாடை மட்டும் இல்லை. அவ்வூர்ப் பிள்ளைக்கு முதலில் தேவையான புலன் மூக்கு. தாத்தாவும் பாட்டியும் காற்றை முகர்ந்து ஊரைக் காத்துவந்த இடத்தில், பேரப்பிள்ளையின் மூக்கை மறக்கடிக்கும் கல்வி வந்தால் யாருக்கு இலாபம்? நாம் எவர்மீதும் சூழ்ச்சி சுமத்தவில்லை. ஆனால் கணக்கு இப்படித்தான் முடிகிறது: வெளியே ஆட முடியவில்லை என்று தாய் குறை சொல்லாதபடி, பிள்ளை உள்ளே அமைதியாக இருக்கிறது, பிள்ளை அமைதியாக இருப்பதால், வெளியைச் சீர்செய்யும் அவசரம் யாருக்கும் இல்லை. அழுகிற பிள்ளைக்குப் பாலும் இல்லை, அழுகையும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

ஆலைகள் பணம் தரும் என்கிறார் நண்பர். தரட்டும். 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஈட்டும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அப்பணிகளுள் ஒன்று. திரை வாங்கிக் கொடுத்தால் கணக்கில் எழுதுவது எளிது, திறப்பு விழா நடத்தலாம், படம் எடுக்கலாம், ஒரே நாளில் முடிந்துவிடும். நல்ல மண் கொண்டுவந்து கொட்டிய முற்றமும், நிழல் தரும் வேம்பும், மாதந்தோறும் சம்பளம் வாங்கும் ஓர் ஆயாவும் அப்படியல்ல. அவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். வேம்பு பட்டுப்போனால் ஏன் பட்டது என்று கேட்கவும் நேரும். சதக்காவிலும் பிறர் உரிமையைக் கெடுத்துவிட்டு ஈந்தால் ஏற்கப்படுமா என்று ஃபிக்ஹு படித்தவர் எவரும் கேட்பார். பறித்ததைத் திருப்பித் தருவது கடன். அதன் பின்னர் தருவதே கொடை.

'அங்கன்வாடி' என்னும் பெயரில் உள்ள 'ஆங்கன்' என்பதற்கு முற்றம் என்று பொருள். ஜெர்மானிய அறிஞர் ஃப்ரோபெல் 1840இல் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் சூட்டியதும் குழந்தைகளின் தோட்டம் என்ற பொருளில்தான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சொல்லும்போது, மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளையை ஓதிய களைப்புத் தீர நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் கல்வியையே சுமத்தினால் அதன் உள்ளம் செத்து, அறிவு மழுங்கி, வாழ்வே கசந்துவிடும் என்றும் எச்சரிக்கிறார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நூலை ஓதிவரும் மதரஸாக்கள் எல்லாம் அந்த வரியைப் பின்பற்றினவா என்று எவரேனும் நம்மைக் கேட்டால் தலை குனிய வேண்டியிருக்கும். அது வேறு வழக்கு. இமாமவர்கள் சொன்ன விளையாட்டில் பாடம் ஒளித்து வைக்கப்படவில்லை என்பதே ஈண்டு நாம் கவனிக்க வேண்டியது. விளையாட்டுக்குள் எண்ணையும் எழுத்தையும் மறைத்து வைத்துப் பிள்ளையை ஏமாற்றிக் கற்பிப்போம் என்பவர்கள், களைத்த பிள்ளைக்கு இருந்த ஒரே ஒதுக்கிடத்தையும் வகுப்பறையாக்கிவிடுகிறார்கள்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. ஐம்பது ஆண்டு நிறைந்துவிட்டது. அதே அக்டோபர் 2இல் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. குடிகாட்டிலும் அதன் அண்டை ஊர்களிலும் உள்ள பெற்றோர் அன்று எழுந்து சில கேள்விகளைக் கேட்டு, விடையோடு தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும் என்று வேண்டுகிறோம். நம் ஊர் அங்கன்வாடி முற்றத்து மண்ணை யார், எப்போது சோதித்தார்கள்? அங்குள்ள பிள்ளைகள் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? காற்றை அளக்கும் கருவி எங்கே இருக்கிறது. அதன் அளவை அங்கன்வாடிச் சுவரில் தமிழில் நாள்தோறும் எழுதிப் போடுவதற்கு என்ன தடை? எந்த அளவுக்கு மேல் போனால் பிள்ளைகளை உள்ளே அழைக்க வேண்டும், எந்த அளவுக்கு மேல் போனால் ஆலையை நிறுத்த வேண்டும்? பணியாளர் இடம் எத்தனை, அதில் ஆள் இருப்பது எத்தனை? இவற்றுக்கு விடை வந்த பிறகு, யாரேனும் ஆலைத்துரை ஒரு திரையைத் தூக்கிக்கொண்டு வந்தால், முற்றத்தின் வெயில் படாத ஒரு மூலையில் அதற்கும் இடம் ஒதுக்கலாமா என்று அந்தத் தாய்மார்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.